நெஞ்செரிச்சல் மாத்திரையும் ஏழாவது கேள்வியும்

1

‘இந்த மருந்து உங்களுக்காகத்தானா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. பக்கத்தில் இரண்டு கட்டங்கள், ஆம் ஒன்று, இல்லை ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்விக்கு ஆம் என்று அமுக்கித்தான் நான் நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்குகிறேன். இன்றைக்கு விரல் நகர மாட்டேன் என்கிறது. சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் பங்குனி உத்திரம் என்று போட்டிருக்கிறது. தீர்ந்துபோவதற்கு உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று காலி மாத்திரை டப்பாவைத் திட்டினேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே இங்கிலாந்தில் சில மருந்துகளை டாக்டரை நேரில் பார்க்காமலே வாங்கலாம். இணையத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கேள்விகள் வரும். பதில் நிரப்பி அனுப்பினால், எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு டாக்டர் படித்துப் பார்ப்பார். சரி என்று பட்டால் மருந்து எழுதிவிடுவார். இரண்டு நாளில் கதவிலிருக்கும் தபால் துவாரம் வழியாக டப்பா தொப்பென்று விழும். நாடி பிடிப்பதில்லை, நாக்கை நீட்டச் சொல்வதில்லை. நாம் சொல்வதை வைத்துத்தான் அவர் எல்லாம் தீர்மானிக்க வேண்டும். அதனால் உண்மையைச் சொல்லுங்கள் என்று பக்கத்தின் உச்சியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டை எழுத்தை நான் மதிக்கவில்லை. அது கொடைக்கானல் மலையில், வில்பட்டியில் இருக்கும் என் தம்பி வேலுவைப் பழனி அடிவாரத்தில் எப்படிக் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதி என் வெட்கத்துக்குள் கிடக்கிறது.

2

எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது இங்கே வந்த பிறகுதான். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். எண்பது கிழடுகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நான் நின்றபடியே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். அப்புறம் குனிந்து ஓவனுக்குள்ளிருந்து தட்டை வெளியே இழுத்தால் போதும், தின்றதெல்லாம் புளித்துத் தொண்டைக்கு ஏறும். எங்கள் பகுதி டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் போட வேண்டும். எட்டு மணிக்குப் போட்டால் லைன் கிடைக்காது. எட்டு இருபதுக்குக் கிடைக்கும். அதற்குள் அன்றைய நேரமெல்லாம் போய்விட்டது என்று ஒரு பெண் சொல்லுவாள். அதுவும் தேனாகச் சொல்லுவாள், அதுதான் எரிச்சல்.

ஒருவழியாகப் பார்த்தபோது, அமிலம் மேலே ஏறுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் மறுபடி எட்டு மணி, எட்டு இருபது. நான் கத்தியதைக் கேட்ட என் மகள் ரம்யாதான் இந்த இணைய டாக்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் அவளுடைய தமிழ் ‘சாப்ட்டேன்’, ‘வேணாம்’, ‘விடும்மா’ என்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. மீதியெல்லாம் இங்கிலீஷ்தான். அவள் கேள்விகளைப் படித்து எனக்குச் சொல்லுவாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன், அவள் தட்டுவாள். வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது அந்தக் கால் மணி நேரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கேள்விகள் வரிசையாக வரும். இரத்த வாந்தி உண்டா? இல்லை. எடை குறைந்ததா? இல்லை. விழுங்கும்போது அடைக்கிறதா? இல்லை. எனக்கு இது புதிதே கிடையாது. இல்லை என்று சொல்லியே காலத்தை ஓட்டிய குடும்பம் எங்களுடையது.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு என்று ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கங்காணி கேட்டால் அம்மா “இல்லைங்க” என்பாள். ஆமாம் என்றால் அன்றைக்கு வேலை கிடையாது. ஒப்பந்தம் போட்டு எங்களை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தபோது எனக்கு எட்டு வயது, வேலுவுக்கு நாலு. கப்பலை விட்டு இறங்கி முகாமில் வரிசையில் நிற்கிறோம். வேலுவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர், “காய்ச்சல், இருமல் உண்டா?” என்று கேட்டார். அம்மா அவன் தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “இல்லைங்க ஐயா” என்றாள். பின்னாளில் கொடைக்கானல் மலையில் வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கப் போனபோதும் மேஸ்திரியிடம் அதே பதில்தான். என் விசாவுக்கு உடம்பைச் சோதித்தபோது நானும் அதையே சொன்னேன். ஆமாம் என்று சொன்னால் கதவு சாத்திவிடும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிப்போனது.

3

வேலு வில்பட்டியில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காரட்டும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருந்தான். நிலம் கீழே பள்ளத்தில். லாரி நிற்கும் ரோடு மேலே. விளைந்ததை மூட்டை கட்டி முதுகில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏற வேண்டும். சின்ன வயதிலிருந்து சுமந்து பழகியவன். அவனுக்கு நோய் என்று ஒன்று வரும் என்றே நான் நினைத்ததில்லை.

எங்களுக்கு இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குகிற விசா வர இழுத்துக்கொண்டே போனது. நாங்கள் கடிதம் எழுதினால், ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று ஒரு கடிதம் வரும். அவ்வளவுதான். இரண்டாவது வருஷம் ஒருநாள் போனில் வேலுவிடம் உடைந்து அழுதுவிட்டேன்.

“அழுவாதக்கா,” என்றான். “நம்ம முருகன்ட்டச் சொல்லிட்டேன். ஒனக்கு விசா கெடச்சா, வில்பட்டியில இருந்து நடந்தே போயிப் பழனியில காவடி எடுக்குறேன். நீ நிம்மதியா சோலியப் பாரு.”

அடுத்த தை மாதம் விசா வந்தது. அலுவலகம் கொடுத்ததா, முருகன் கொடுத்தானா என்று நான் யோசித்ததுண்டு. வேலுவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி என்று மாலை போட்டு விரதம் ஆரம்பித்துவிட்டான். அவன் பெண்டாட்டி செல்வியும் கூடவே விரதம் இருந்தாள். மாசியில் ஒருநாள் அவனிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, நெஞ்ச அமுக்கிக்கிட்டு எரியுதுக்கா.”

“எப்ப எரியுது?”

“மூட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறயில. செத்த நேரம் ஒக்காந்தா சரியாப் போயிருது. வெரதம்ல, ஒரு வேளைதான் சாப்பாடு. வெறும் வயிறு, அதான் புளிச்சுக்கிட்டு ஏறுது போல.”

“ஏலே, எனக்கும் அதேதான்டா. குனிஞ்சாலே ஏறும். ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

“இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? நீ ஒரு மாத்திரை திங்கிறேல்ல, அதுல கொஞ்சம் அனுப்பி விடு. சோடாவக் குடிச்சுக் குடிச்சு அலுத்துப்போச்சு.”

வெளிநாட்டு மாத்திரைக்கு எங்கள் பக்கம் இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியாததில்லை. தைலம், வலி மாத்திரை, சத்து மாத்திரை என்று போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் கொடுத்தனுப்பியவள் நான். ஒருமுறை என் சத்து மாத்திரையைப் பக்கத்து வீட்டம்மா முழங்கால் வலிக்குப் போட்டுக்கொண்டு, ‘என்ன இருந்தாலும் வெளிநாட்டுச் சரக்கு, ஒடனே கேக்குது’ என்று தெருவெல்லாம் சொன்னாராம். செல்வி சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

அமுக்கிக்கொண்டு எரிகிறது என்று அவன் சொன்னான். எரிகிறது என்பது மட்டும்தான் என் காதில் தங்கியது. என் நோய் அவனுக்கும் வந்திருக்கிறது, என் மருந்து அவனுக்கும் கேட்கும். நான்தான் எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே.

4

ரம்யாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என்னுடைய மாத்திரை இன்னும் பாதி இருக்கிறதே என்று கேட்டாள். மாமாவுக்கு என்றேன். “அம்மா, இது உனக்கான படிவம்,” என்றாள் இங்கிலீஷில். “தட்டுடி” என்றேன்.

மருந்து எனக்குத்தான் என்று முதல் பொய். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கெல்லாம் வேலுவை நினைத்துக்கொண்டு உண்மையாகவே பதில் சொன்னேன். மருந்தை எனக்கென்று வாங்கினாலும் நோயையாவது சரியாகச் சொல்லுவோம் என்று ஒரு நியாயம். ஏழாவது கேள்வி வந்தது. ரம்யா படித்தாள். படி ஏறும்போதோ, சுமை தூக்கும்போதோ நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ வந்து, ஓய்வெடுத்தால் குறைகிறதா?

“ஆமா,” என்றேன்.

திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. இந்த மருந்தை உங்களுக்குத் தர முடியாது, உடனே ஒரு டாக்டரை நேரில் பாருங்கள், இது இதயம் சம்பந்தமானதாக இருக்கலாம் என்று வந்தது. ரம்யா கையை எடுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தும்மினால்கூட ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற ஊர் இது என்று கத்தினேன். “இதெல்லாம் லிஃப்ட்டுல போறவங்களக் கேக்குற கேள்வி. உன் மாமா மலையில இருக்கான். அங்க கடைக்குப் போனாலும் ஏறணும், கக்கூசுக்குப் போனாலும் ஏறணும். ஏறாம எப்ப எரியும்? பின்னால போ. இல்லைன்னு அமுக்கு.”

“அது வேண்டாம் என்று சொல்கிறது அம்மா.”

“அமுக்குடி!”

அவள் அமுக்கவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மூலையில் பின்னால் போகிற அம்புக்குறி இருந்தது. நானே மவுஸைப் பிடித்து, தட்டுத் தடுமாறிப் பின்னால் போய், ஏழாவது கேள்விக்கு இல்லை என்று அமுக்கினேன். மூன்றாம் நாள் டப்பா வந்துவிட்டது. மதுரைக்குப் போகிற ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கழித்து வேலு, “நல்லாக் கேக்குதுக்கா” என்றான். அந்தச் சிவப்புத் திரையை நான் மறந்தே போனேன்.

5

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, நான் வேலையிலிருந்து வந்ததும் வேலு கூப்பிட்டான். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். ரம்யா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வெள்ளனே கெளம்புறோம்க்கா. பதினோரு பேரு. மலைப்பாதையில எறங்கி... அடிவாரத்துல தங்கி... சனிக்கெழமை வெயில் தாழ... காவடி ஏறுது.”

“என்னடா இழுத்து இழுத்துப் பேசுற?”

“ராத்திரி லாரிக்கு மூட்டையப் போட்டுட்டு இப்பத்தான் மேல வந்தேன். செல்வி நாளன்னைக்கு பஸ்ஸுல வந்துருவா. ஒன் பேரச் சொல்லித்தான்க்கா ஏறுவேன்.”

நான் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரம்யா எழுதுவதை நிறுத்தியிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். இப்போது நினைத்தால், அவளும் எங்கள் குடும்பத்துப் பெண்தான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டுப் போன் அடித்தது. ஓர் ஆள், இங்கிலீஷ்காரர், என் முழுப் பெயரைக் கஷ்டப்பட்டு உச்சரித்தார். தான் அந்த இணைய டாக்டர் என்றார். அதுவரை அவருக்கு ஒரு குரல் இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. உங்கள் மகள் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள், மருந்து அவளுடைய மாமாவுக்காமே, என்றார்.

ரம்யா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. காட்டிக்கொடுத்துவிட்டாளே, விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆண்டவன் சாட்சியாக அதுதான் தோன்றியது. எழுதவே கூசுகிறது.

“உங்கள் தம்பிக்கு ஏறும்போது வலி வருகிறதா?”

“ஆமாம்.”

“நின்றால் போய்விடுகிறதா?”

“ஆமாம்.”

“இப்போது எங்கே இருக்கிறார்?”

“கோயிலுக்குப் போயிருக்கிறார்.”

“நல்லது. உட்கார்ந்துதானே கும்பிடுவார்?”

“இல்லை. கோயில் மலை மேலே இருக்கிறது. படி ஏற வேண்டும். தோளில் காவடி வைத்துக்கொண்டு.”

“எத்தனை படி?”

“எழுநூறுக்குக் கொஞ்சம் கம்மி.”

“எழுநூறா?” என்றார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவர் ஏறக் கூடாது. ஒரு படிகூட. அந்த மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம், இதயத்துக்கு அது எதுவும் செய்யாது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சீக்கிரம் போன் போடுங்கள் என்று வைத்துவிட்டார்.

அங்கே மணி மூன்றே முக்கால். வெயில் தாழ ஏறுவோம் என்று சொல்லியிருக்கிறான்.

6

அப்போதெல்லாம் நான் ஊருக்குப் பேச ஒரு கார்டு வாங்கிச் சுரண்ட வேண்டும். அதிலிருக்கும் எண்களை அமுக்கினால், இத்தனை நிமிஷம் பாக்கி என்று ஒரு பெண் குரல் சொல்லும். பதினெட்டு நிமிஷம் என்றது. வேலுவின் செல்போனுக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தான். காவடி எடுக்கிற அன்று போனைத் தொட மாட்டான். செல்வியின் செல்லுக்குப் போட்டேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை மணி அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

“செல்வி! வேலு எங்க?”

“இந்தா, பாத விநாயகர் கோயில்ட்ட நிக்கிறோம் மதினி. காவடிப் பூசை முடிஞ்சிருச்சு. இப்ப ஏறப் போறாங்க.”

“ஏற விடாத! அவனுக்கு நெஞ்சுல கோளாறு. டாக்டர் சொல்லிட்டாரு. ஏறக் கூடாது!”

“என்ன மதினி இப்பச் சொல்றீங்க? காவடியத் தோள்ல வச்சாச்சு. பாதியில எறக்குனா சாமி குத்தமாகிப் போகும்.”

“குத்தம் எனக்கு வரட்டும். அவன்ட்டப் போனக் குடு.”

கொஞ்ச நேரம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல்.

“என்னக்கா, இந்நேரத்துல?”

“வேலு, நேத்து நடந்து வந்தியே, நெஞ்சு எரிஞ்சுச்சா?”

“இல்லக்கா.”

“மூச்சு வாங்குச்சா?”

“இல்லக்கா.”

“வேர்த்துச்சா? கை வலிக்குதா?”

“இல்லக்கா, இல்லக்கா. நான் நல்லா இருக்கேன். வையி, ஆளுக ஏற ஆரம்பிச்சுட்டாங்க.”

கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதில் வந்தது. காட்டுப் பாதையில் அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு மூச்சே வாங்கவில்லையாம். அந்த இல்லை எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாதா? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐயாவுக்குச் சொல்கிற இல்லை அது. ஏழாவது கேள்விக்கு நான் அமுக்கியதும் அதையேதான்.

“ஏலே, பொய் சொல்லாத. நானும் இப்படித்தான் இல்ல, இல்லன்னு பொய் சொல்லி அந்த மாத்திரைய வாங்குனேன். அது உனக்கு எழுதுன மாத்திரையே இல்லடா. காவடிய எறக்கு.”

“எறக்க மாட்டேன்க்கா. ஒனக்காக வச்ச நேர்த்தி. சாமி விசா குடுத்துச்சுல்ல? இப்ப நான் பின்வாங்குனா, குடுத்தது ஒன்ட்ட நிக்காது.”

அவனுக்கு உயிரைப் பற்றிய பயமே இல்லை. என் விசா போய்விடும் என்றுதான் பயம். ஏழு நிமிஷம் பாக்கி என்று கார்டுப் பெண் நடுவில் புகுந்து சொன்னாள். மேசைமேல் என் மாத்திரையின் காலி அட்டைப்பெட்டி கிடந்தது. எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, அதை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்துச் சர்ரென்று கிழித்தேன்.

“கேட்டுச்சா? இது என் பாஸ்போர்ட்டு. மொத அட்டை போயிருச்சு. நீ ஒரு படியில கால வச்சாலும் விசா ஒட்டியிருக்கிற பக்கத்தையும் கிழிச்சுருவேன். விசாவே இல்லைன்னா நேர்த்தி ஏதுடா? காவடி ஏதுடா?”

இன்னொரு பக்கத்தையும் கிழித்தேன். கிழித்துக்கொண்டே அழுதேன். ‘ஒரே தம்பிடா, ஒரே தம்பிடா’ என்று கத்தினேன். ரம்யா வந்து பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிக்காதக்கா,” என்றான் வேலு.

பிறகு அந்தப் பக்கம் ஏதேதோ பேச்சு. கூட்டத்தை அழைத்து வந்த குருசாமியின் குரல் கேட்டது. வீட்டாள் யாராச்சும் வெரதம் இருந்திருந்தா தோள் மாத்திக்கலாம், தப்பில்ல, என்றார். நான் இருந்திருக்கேன் சாமி, என்று செல்வி சொன்னாள். மேளம் நகர்ந்தது. அவள் போனை அவன் கையிலேயே விட்டுவிட்டுக் காவடியோடு போய்விட்டாள்.

“ஒக்காந்துட்டியா?”

“ஒக்காந்துட்டேன்க்கா. பஞ்சாமிர்தக் கடை ஓரமா.”

“இப்பச் சொல்லு. எரியுதா?”

மேளச் சத்தம் மேலே ஏறித் தேய்ந்தது.

“ஆமாக்கா.”

“எப்ப இருந்து?”

“காலையில ஆத்துல குளிச்சதுல இருந்து. எடது கை கனமாக் கெடக்கு. வேர்த்து ஊத்துது.”

எங்கள் வீட்டில் ஒருத்தன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஆமாம் அதுதான். பக்கத்தில் யார் இருந்தாலும் போனைக் கொடு என்று அலறினேன். கடைக்காரர் ஒருவர் வாங்கினார்.

“யாரும்மா பேசுறது? சாமி மொகம் ஒரு மாதிரி இருக்கே.”

“அவன் அக்கா, வெளிநாட்டுல இருந்து. அவனுக்கு நெஞ்சு வலிங்க. திருவிழாவுக்கு டாக்டர் கொட்டகை போட்டிருப்பாங்களே, அங்க தூக்கிட்டுப் போங்க. நடக்க விடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“எப்பா, ஓடியா! ஆளு ஒருத்தரு இங்க...” என்று அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. அத்தோடு கார்டு தீர்ந்தது.

ரம்யா செருப்புகூடப் போடாமல் கார்டு வாங்க ஓடினாள். கடை அரை மைல். அவள் திரும்பி வரும்வரை கையில் செத்துப்போன போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முருகனைக் கும்பிடவா, திட்டவா என்று தெரியாமல் இரண்டும் செய்தேன். அவள் வந்து எண்ணைச் சுரண்டினாள். போட்டால் மணி அடித்து அடித்து நின்றது. ஐந்தாவது தடவை அந்தக் கடைக்காரரே எடுத்தார்.

“நாந்தாம்மா. கொட்டகையில டாக்டரு பாத்த ஒடனே ஊசி போட்டு, ஆம்புலன்ஸ்ல மதுரைக்கு ஏத்திட்டாங்க. மாரடைப்பாம்.”

“உசுரு...”

“இருக்கும்மா. அக்காட்டச் சொல்லிருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. வீட்டம்மா இன்னும் மேல இருந்து எறங்கல. போன வச்சுக்கிட்டு நான் இங்கனயே நிக்கிறேன், கடைய அடுத்தாளு பாத்துக்கிருவாரு. நல்லவேளை, கீழ இருந்தாரு. இந்தக் கூட்டத்துல பாதி மலையில விழுந்திருந்தா யாரு தூக்கிட்டு வர்றது?”

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ரம்யாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். காட்டிக் கொடுத்ததற்கு மன்னித்துவிடு என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

7

வேலு பிழைத்துவிட்டான். மதுரையில் இதய அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்தார்கள். இனிமேல் சுமை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிலத்தைச் செல்வி பார்த்துக்கொள்கிறாள். அவன் கொடைக்கானல் டவுனில் ஒரு பழக்கடையில் பேரிக்காயும் பிளம்ஸும் அட்டைப்பெட்டியில் அடுக்குகிறான். தினமும் வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறான். ரம்யா படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசுவாள், அதுவும் நான் கூப்பிட்டால்.

இன்றைக்குப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தேன் என்றேன் அல்லவா? மருந்து எனக்குத்தான். முதல் கேள்வியை ஒருவழியாகத் தாண்டினேன். அடுத்த ஐந்தையும் தாண்டினேன். ஏழாவதில் நின்றேன்.

இரண்டு மாதமாக, இல்லத்தின் மாடியிலிருக்கும் சாமான் அறைக்குப் படி ஏறினால், நடுப் படியில் நெஞ்சைப் பிடிக்கிறது. நின்றால் விட்டுவிடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லேசான வேலைக்கு மாற்றுவார்கள், பிறகு வேலையே இல்லை என்பார்கள். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் பார்த்த பிறகும்! விரல் நேராக இல்லை என்கிற கட்டத்துக்குத்தான் போயிற்று. எழுந்து, காய்ந்த துணியை மாடியில் வைத்துவிட்டு வந்து, உத்திர நாளாயிற்றே, வேலுவுக்குப் போன் போட்டேன்.

“என்னக்கா, மூச்சு வாங்குது?”

“துணிய எடுத்துக்கிட்டு மாடிக்கு ஏறுனேன்டா.”

“ஏறயில எரியுதா?”

“இல்லடா.”

போனில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் சர்ர்.

“என்னடா அது?”

“என் ரேசன் கார்டு. கிழிக்கிறேன்.”

சிரித்துவிட்டேன். “போடா, அது பழப் பெட்டி.”

“ஆமா, பெட்டிதான். அன்னைக்கு நீ கிழிச்சதும் பெட்டிதான். அட்டை கிழியிற சத்தம் எனக்குத் தெரியாதாக்கா? அன்னைக்கே தெரியும்.”

மூன்று வருஷமாக நான் பெரிய சாமர்த்தியக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். “தெரிஞ்சும் ஏன்டா ஒக்காந்த?”

“பெட்டிதான் பொய்யி. நீ அழுதது பொய் இல்லையே. இப்பச் சொல்லு. எரியுதா?”

அவன் போனை வைக்கவில்லை. கடையில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “வாரேன், இருங்க” என்று சொல்லிவிட்டு, அப்போதும் போனைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

“ஆமாடா,” என்றேன்.

“வெரசாப் போயி டாக்டரப் பாரு,” என்றான்.

திரும்பி வந்து ஏழாவது கேள்விக்கு ஆம் என்று அமுக்கினேன். திரை சிவப்பாயிற்று. பின்னால் போகிற அம்புக்குறி அதே மூலையில்தான் இருந்தது. அதைத் தொடாமல் ரம்யாவுக்குப் போன் போட்டேன். அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, அதற்குள் வேலு அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எடுத்தவுடன், “எங்கம்மா வலிக்குது?” என்று தமிழில் கேட்டாள்.